புத்தகத்தை மூடிவிட்டுச் சொல், கேட்கிறேன்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டை எங்கள் காட்பாடிப் பக்கத்தில் தெருவில் நடந்துபோகும்போதே கண்டுபிடித்துவிடலாம். தொலைக்காட்சிச் சத்தம் அடங்கியிருக்கும். இரவு பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரியும், விடியற்காலை நான்கு மணிக்கும் எரியும். "படிக்கிறியா?" என்ற குரல் அரை மணிக்கு ஒருமுறை உள்ளிருந்து கேட்கும். 2023-ஆம் ஆண்டு எங்கள் வீட்டிலும் அந்தக் குரல் கேட்டது. அது என்னுடைய குரல். அந்த ஆண்டு என் மகன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025-இல், என் மகள் எழுதினாள். இரண்டு தேர்வுகளுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை, இந்த ஆண்டு அதே இடத்தில் நிற்கும் பெற்றோருக்காக எழுதிவைக்கிறேன்.

மகன் விஷயத்தில் நான் செய்ததெல்லாம் காவல்தான். செல்போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். மாலையில் பந்து விளையாடப் போவதை நிறுத்தினேன். நாள்தோறும் நான்கு மணிக்கு எழுப்பி, முகம் கழுவவைத்து, தேநீர் கொடுத்து உட்காரவைத்தேன். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தான் என்று கணக்கு வைத்திருந்த நான், என்ன படித்தான் என்று ஒருநாள்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. அவன் புத்தகத்தில் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு, ஒரே பக்கத்தை நான்கு முறை, ஐந்து முறை வாய்விட்டுப் படிப்பான். கணிதத்தையும் அப்படித்தான் படித்தான்: கைடில் போட்டிருக்கும் கணக்கை வரிவரியாகக் கண்ணால் பார்த்துவிட்டு, புரிந்துவிட்டது என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுவான். பக்கத்து அறையிலிருந்து கேட்பதற்கு அது நல்ல படிப்பாகவே இருந்தது. மே மாதம் முடிவு வந்தபோது கணிதத்தில் 27 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 வேண்டும். அன்று நான் அவனிடம் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அவன் ஒன்றும் பதில் பேசாமல் மொட்டைமாடிக்குப் போய் வெயிலிலேயே உட்கார்ந்திருந்ததை மட்டும் மறக்க முடியவில்லை.

அவன் சோம்பேறி அல்லன் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. உழைப்பு இருந்தது, அந்த உழைப்பு தேர்வு அறையில் கைகொடுக்கும் வகையில் அமையவில்லை. ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது அது கண்ணுக்குப் பழகிப்போகிறது, பழகியதைத் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தேர்விலோ அந்தப் பக்கம் கண்முன் இருக்காது. வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு, உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். எடுத்துப் பழகாதவனுக்கு, உள்ளே போனதெல்லாம் உள்ளேயே நின்றுவிடுகிறது.

இதை ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் எளிமையாகக் காட்டியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களிடம் இரண்டு உரைப்பகுதிகளைக் கொடுத்து, ஒன்றை இரண்டு முறை படிக்கவைத்தார்கள். இன்னொன்றை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்ததுதான் அதிகம் நினைவிருந்தது: 81 விழுக்காடு, மற்றது 75. ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். பார்க்காமல் எழுதிப் பார்த்ததில் 56 விழுக்காடு மிஞ்சியிருந்தது, இரண்டு முறை படித்ததில் 42 மட்டுமே. என் மகன் மார்ச் மாதம் முழுவதும் "படிச்சிட்டேன்மா" என்று சொன்னது பொய்யில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு அது உண்மைதான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இது எங்கள் மாவட்டத்துக்கு நேராகத் தொடர்புள்ள செய்தி. 2024-இல் பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடாக இருந்தபோது, வேலூர் மாவட்டம் 82.07 விழுக்காட்டோடு மாநிலத்திலேயே கடைசி இடத்தில் இருந்தது. 2025-இல் மாநிலம் 93.80, வேலூர் 85.44, மறுபடியும் கடைசி. இந்த எண்கள் வரும்போதெல்லாம் யாரைக் குறை சொல்வது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. ஆனால் இந்தப் பக்கத்துத் தாய்மார்களிடம் பேசினால் ஒரே பதில் வருவதை நான் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். பீடி சுற்றுகிறவர்களும், காலையில் கம்பெனி வேனில் ஏறி ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களும், குடியாத்தத்தில் தீப்பெட்டி வேலைக்கும் தறி வேலைக்கும் போகிறவர்களும் சொல்வது இதுதான்: "நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன தெரியும், வாத்தியார் பார்த்துக்குவாரு." பிள்ளைக்குத் தங்களால் செய்யக்கூடியது காசு கட்டுவதும் கண்டிப்பதும்தான் என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். அது தவறான நம்பிக்கை என்பதை எங்கள் எதிர்வீட்டு அம்மாதான் எனக்குக் காட்டினார்.

அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; கையெழுத்து மட்டும் போடுவார். காலையில் வீட்டுவேலை முடிந்ததும் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டால் இரவு வரை பீடிதான். 2025 ஜனவரியில் ஒருநாள், முதல் திருப்புதல் தேர்வில் மகள் அறிவியலில் மிகக் குறைவாக வாங்கியிருந்தாள். என்ன செய்வது என்று அவர் என்னிடம் கேட்டபோது, அந்த ஆய்வை மனத்தில் வைத்துக்கொண்டு, "புத்தகத்தை மூடச் சொல்லி, படிச்சதை உங்ககிட்ட கதை மாதிரி சொல்லச் சொல்லுங்க, கேட்டுக்கிட்டே வேலை பாருங்க" என்றேன். எனக்கே அது பலிக்கும் என்ற உறுதி இல்லை.

இரண்டு நாள் கழித்து மாலையில் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அந்தக் காட்சியைப் பார்த்தேன். நனைத்த இலையைத் தகட்டில் வைத்துக் கத்தரித்துக்கொண்டே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் படியில் உட்கார்ந்து இதயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். உடம்பிலிருந்து வரும் ரத்தம் இதயத்தின் மேலறையான வலது ஆரிக்கிளுக்கு வருகிறது, அங்கிருந்து கீழறையான வலது வெண்ட்ரிக்கிள், அங்கிருந்து நுரையீரல், நுரையீரலில் சுத்தமாகி இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பிறகு உடம்பு முழுவதும். தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாள். தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றி, பீடியை முறத்தில் போட்டுவிட்டு அந்த அம்மா கேட்டார்: "நுரையீரலுக்குப் போய்த்தான் நல்ல ரத்தம் ஆயிடுச்சே. அங்கேருந்து நேரா உடம்புக்குப் போக வேண்டியதுதானே? எதுக்கு மறுபடியும் நெஞ்சுக்கு வருது?"

மகள் நின்றுவிட்டாள். ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தாள். விடை அதில் இல்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள், என் மகளும் சேர்ந்துகொண்டாள். நுரையீரலின் மெல்லிய நுண்குழாய்களுக்குள் புகுந்து வரும்போது ரத்தத்தின் அழுத்தம் குறைந்துவிடுகிறது, அந்த வேகத்தில் அது கால்விரல் வரை போய்ச் சேராது, அதனால் மறுபடியும் இதயத்துக்கு வந்து இன்னொரு முறை தள்ளப்படுகிறது. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடித்திருப்பதும் அதற்காகத்தான் என்று இருவரும் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள். "கிணத்துத் தண்ணியைத் தொட்டிக்கு ஏத்தறதுக்கு ஒரு மோட்டார், தொட்டியிலேருந்து காட்டுக்கு விடறதுக்கு ஒரு மோட்டார் மாதிரின்னு சொல்லு" என்றார் அந்த அம்மா. இரட்டை ரத்த ஓட்டம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கைடிலும் நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அதுவே வழக்கமாயிற்று. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் மாவு பிசைந்துகொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ இருப்பேன். மகள் அடுக்களை வாசலில் நின்று, அன்று படித்ததில் ஏதாவது ஒன்றைச் சொல்வாள். நான் இரண்டே கேள்விகள்தான் கேட்பேன். "ஏன்?" என்பது ஒன்று. "அப்படி இல்லாமல் இருந்தால் என்ன ஆகும்?" என்பது இன்னொன்று. பாடம் தெரியாதவரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. சொல்லப்போனால் தெரியாதவர் கேட்டால்தான் பிள்ளை முழுதாகச் சொல்லும். தெரிந்தவரிடம் பாதியில் "அதான் தெரியுமே" என்று நிறுத்திவிடும். ஒப்பிப்பதற்கும் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். வரி மாறாமல் ஒப்பிக்கவேண்டியவை மனப்பாடப் பாடலும் திருக்குறளும் சூத்திரங்களும்தான். மற்றவற்றைப் பிள்ளை தன் சொற்களில் சொல்லட்டும். இடையில் திக்கும் இடம்தான் மறுநாள் படிக்கவேண்டிய இடம். திக்கியதற்காகத் திட்டினால், அடுத்த நாள் முதல் தெரிந்ததை மட்டும் சொல்லத் தொடங்கிவிடும். அந்தத் தவறை மட்டும் செய்துவிடாதீர்கள்.

சமூக அறிவியலுக்கு எங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. பாடத்தில் வரும் 1806-ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சி நடந்த கோட்டை, பேருந்தில் போனால் அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஆனாலும் வேலூர்ப் பிள்ளைகள் அந்தப் புரட்சியின் காரணங்களை ஐந்து புள்ளிகளாகக் கைடிலிருந்து மனப்பாடம் செய்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்த பிறகு நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனேன். அகழியைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலால் ஆன குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, இந்துச் சிப்பாய்களுக்கும் முஸ்லிம் சிப்பாய்களுக்கும் எப்படி இருந்திருக்கும் என்று அவர்களையே பேசவிட்டேன். திப்புவின் பிள்ளைகளைச் சிறைவைத்திருந்ததும் இதே கோட்டையில்தான் என்று ஒருத்தி நினைவுபடுத்தினாள். ஜூலை 10 விடியுமுன் எழுந்த கிளர்ச்சி ஏன் அன்றைக்கே அடங்கிவிட்டது என்று கேட்டேன். ஆங்கிலேயப் படையின் தளபதி கில்லஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்துவிட்டார் என்று என் மகள் சொன்னாள்; சொல்லிவிட்டு, "ஆற்காடு இங்கிருந்து கிட்டம்தானே, அதான் காலையிலேயே வந்து சேர்ந்துட்டாங்க" என்றாள். ஆற்காடு என்பது அதுவரை அவளுக்கு விடைத்தாளில் எழுதவேண்டிய ஒரு பெயர். அன்று அது அத்தை வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் ஊர் ஆயிற்று. திரும்பும் வழியில் மக்கான் பகுதியில் சிப்பாய்களுக்காக நிற்கும் நினைவுத்தூணையும் பார்த்தோம். அந்த நெடுவினாவை அவள் அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் திருப்பிப் படிக்கவேண்டியிருக்கவில்லை.

கணிதத்தில் மட்டும் சொல்லிக் கேட்பது போதாது, போட்டுப் பார்க்க வேண்டும். இங்கே எங்களுக்கு உதவியவன் மகன். 2023-இல் தோற்ற பிறகு ஜூன் இறுதியில் துணைத்தேர்வு இருந்தது. இருந்த ஐந்து வாரத்தில் என்ன செய்யலாம் என்று, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அவனை உட்காரவைத்து வினாத்தாளின் அமைப்பைப் பிரித்துக் காட்டினார். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, எட்டு மதிப்பெண் வினாக்கள் 2. அந்த எட்டு மதிப்பெண் இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். அளவுகோலும் காம்பஸும் பிடித்துப் பழகினால் 16 மதிப்பெண், ஒன்று வடிவொத்த முக்கோணம் அல்லது தொடுகோடு மாதிரி, மற்றது வரைபடத்தாள். அதோடு புத்தகத்தின் பயிற்சிப் பகுதியில் இருக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களை விடாமல் போட்டுப் பார்த்தால் பயம் பாதி போய்விடும் என்றார். மகன் நாள்தோறும் ஒரு படம் வரைந்தான். கைடை மூடிவைத்துவிட்டு வரைந்தான். துணைத்தேர்வில் தேறி, அந்த ஆண்டே பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். ஓராண்டும் வீணாகவில்லை. தங்கை பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அவன்தான் வாரம் இரண்டு மாலை அவளோடு உட்கார்ந்து, "முதல்ல உதவிப்படம் போடு, அப்புறம் உண்மைப்படம்" என்று சொல்லிக்கொடுத்தான். நான் திட்டியபோது மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த அதே பிள்ளை.

திருப்புதல் என்ற சொல்லையே நாம் சரியாக எடுத்துக்கொள்வதில்லை என்று தோன்றுகிறது. முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை ஒருமுறை ஓட்டிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஓட்டுவதைத் திருப்புதல் என்று நினைக்கிறோம். முதல் பாடத்துக்குத் திரும்பி வரும்போது ஒரு மாதம் ஆகியிருக்கும், பாதி மறந்திருக்கும். மறதி முதல் நாளில்தான் வேகமாக வேலை செய்கிறது என்பதை எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் 1885-இலேயே தன்னையே சோதித்து எழுதிவைத்திருக்கிறார். ஆகவே இன்று படித்ததை நாளை ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் பயன். இதற்கு என் மகள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நாள்காட்டியில் தினமும் கிழிக்கும் தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும். அதில் ஒரு கேள்வியை எழுதுவாள். விடையை எழுத மாட்டாள், புத்தகத்தின் பக்க எண்ணை மட்டும் ஓரத்தில் குறிப்பாள். தாள்கள் ஒரு பழைய இனிப்பு டப்பாவில் இருக்கும். கையை விட்டு ஒன்றை எடுத்து, பார்க்காமல் விடை சொல்ல முடிந்தால் அது இரண்டாவது டப்பாவுக்குப் போகும். முடியாவிட்டால் முதல் டப்பாவிலேயே கிடக்கும், மறுநாள் மறுபடியும் வரும். இரண்டாவது டப்பாவை ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பாள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கடைகளில் கட்டுக்கட்டாக நகலெடுத்து விற்கும் "முக்கிய வினாக்கள்" தாள்களைவிட அந்த டப்பா எவ்வளவோ மேல். ஏனென்றால் அதில் இருந்தது அவளுக்கு எது தெரியாது என்ற கணக்கு.

இரண்டாம் திருப்புதல் தேர்வு நெருங்கியபோது, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முழு வினாத்தாளை வைத்துக்கொண்டு எழுதவைத்தோம். பொதுத்தேர்வில் முதல் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15-லிருந்து 1.15 வரை எழுத. 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. முதல் முறை எழுதியபோது தமிழில் கடைசி நெடுவினா நின்றுபோயிற்று. தெரியாமல் நிற்கவில்லை, முதல் குறுவினாவுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியதால் நின்றது. வீட்டில் நின்றது நல்லதாயிற்று.

தூக்கத்தைப் பற்றி நான் மாறியது முழுக்க மகனை வைத்துத்தான். விடியற்காலையில் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்று என் தந்தை சொல்வார், நானும் நம்பினேன். பதின்ம வயதில் உடலின் தூக்கக் கடிகாரமே இரவில் தள்ளிப்போகிறது, அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை, பகலில் படித்தது தூங்கும்போதுதான் மனத்தில் உறைகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பதினொன்றரைக்குப் படுக்கவிட்டு நான்கு மணிக்கு எழுப்பிய பிள்ளை, புத்தகத்தின் மேல் தலை சாய்ந்து கிடந்ததைச் சோம்பல் என்று நினைத்தேனே என்று இப்போதும் வருத்தமாக இருக்கிறது. மகளைப் பத்தரைக்குப் படுக்கவைத்து ஆறரைக்கு எழுப்பினேன். உறவினர்கள் கேட்டபோது "அவ தூங்கட்டும்" என்று சொல்ல எனக்குத் துணிச்சல் தேவைப்பட்டது.

மாசி அமாவாசையன்று மயானக் கொள்ளைத் திருவிழா. பாலாற்றங்கரைக்கு ஊரே திரளும். மேளமும் ஒலிபெருக்கியும் இரவு வரை ஓயாது. அந்த நாளில் படிக்கச் சொல்லிப் பிள்ளையை அறைக்குள் அடைப்பது வீண். அன்று எல்லாருமாகப் போய் அம்மனைப் பார்த்துவிட்டு, சுண்டல் தின்றுவிட்டு வந்து தூங்கினோம். ஒரு நாள் போனதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மகள் தேர்வு எழுதிய 2025 மார்ச் முழுவதும் ரமலான் நோன்பும் இருந்தது. தமிழ்த் தேர்வு மார்ச் 28, பெருநாள் 31, ஆங்கிலம் ஏப்ரல் 2. என் மகளின் தோழி ஒருத்தி நோன்பு வைத்துக்கொண்டே படித்தாள். அவள் தாயார் அவளுக்காக வீட்டின் நேரத்தையே மாற்றியமைத்திருந்தார்: விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு எழுந்ததும் ஒரு மணி நேரம் கடினமான பாடம், பிறகு தூக்கம், பிற்பகல் வெயிலில் எதுவும் இல்லை, நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகு திருப்பிச் சொல்வது மட்டும். அந்த வீட்டுப் பேச்சுமொழி உருது. தமிழ்ப் பாடத்தை அவள் முதலில் உருதுவில் தன் அம்மாவுக்கு விளக்கிவிட்டு, அதன் பிறகு தமிழில் எழுதிப் பார்ப்பாள். இரண்டு மொழியில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் எப்படி மறக்கும்?

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மார்ச், ஏப்ரல் வேலூர் வெயிலில் எண்ணெய்ப் பண்டத்தைக் குறைத்து, காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும் கொடுத்தேன். தேர்வன்று புதிதாக எதையும் சமைக்கவில்லை. செல்போனைப் பூட்டவும் இல்லை. படிக்கும் நேரத்தில் அது அடுக்களை அலமாரியில் என் போனோடு சேர்ந்து கிடந்தது. என்னுடையதும் அங்கே கிடந்ததுதான் அவளை ஒத்துக்கொள்ளவைத்தது.

தேர்வு எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளையிடம் வினாத்தாளை வாங்கி வாசலிலேயே விடை சரிபார்க்கும் பெற்றோரை ஒவ்வொரு மையத்திலும் பார்க்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ஆண்டு கணிதம் ஏப்ரல் 7, அறிவியல் 11. நடுவில் கிடைக்கும் நாட்கள் விலைமதிப்பில்லாதவை. போன தேர்வில் விட்டுப்போன ஐந்து மதிப்பெண்ணை நினைத்து அழுவதற்கு அவற்றில் ஒரு நாளையும் கொடுக்க முடியாது. மகளிடம் "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். அவளாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

முடிவு வரும் நாளுக்கும் முன்பே தயாராக வேண்டும், முக்கியமாக நாம். அன்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மதிப்பெண் குறைந்தாலும், தேறாமல் போனாலும், சில வாரங்களில் துணைத்தேர்வு இருக்கிறது, அதே ஆண்டில் மேலே சேர முடிகிறது என்பதை முடிவு வரும் முன்பே ஒருமுறை சாதாரணமாகச் சொல்லிவையுங்கள். வந்த பிறகு சொன்னால் அது ஆறுதல் வார்த்தையாகத்தான் காதில் விழும். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், "நான் இருந்து என்ன" என்பதுபோலப் பேசினால் அதை நாடகம் என்று ஒதுக்காதீர்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417, மருத்துவ உதவிக்கான 104, மனநல உதவிக்கான 14416 ஆகிய எண்களில் பேசலாம், பெற்றோரே பேசலாம். நான் மகனைத் திட்டிய அன்று என் கையில் இந்த எண்கள் இருந்திருந்தால், முதலில் நான்தான் பேசியிருக்க வேண்டும்.

என் மகளும் எதிர்வீட்டுப் பெண்ணும் அந்தத் தேர்வில் தேறி, இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாவின் இளைய மகன் ஒன்பதாம் வகுப்பு. நேற்று மாலை அவன் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடப்பார்த்தபோது, திண்ணையிலிருந்து அவர் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. "விளையாடிட்டு வா, போ. வந்ததும் இன்னிக்கு என்ன நடத்துனாங்கன்னு எனக்குச் சொல்லணும். நேத்துச் சொன்னதுல பாதி எனக்குப் புரியலை."